கைமாத்துத் தூக்கம்

பூவரசனுக்குத் தூக்கம் நன்றாக வரும். அதைத் தவிர அவனைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று, பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அம்மாவே சொல்லியிருக்கிறாள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவான். கல்யாண வீட்டில் தவில்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவான். ஒரு பல் டாக்டர் அவனை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கத் திரும்பியிருக்கிறார். அதற்குள் பின்னாலிருந்து வந்த குறட்டையைக் கேட்டு மிரண்டுபோய் நாடி பிடித்துப் பார்த்தாராம்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் இருந்த பெருங்குடை இன்சூரன்ஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை. கார் மோதியது, ஃப்ரிட்ஜ் எரிந்தது, மாடு கண்காணிப்பு கேமராவைத் தின்றுவிட்டது என்று வருகிற கிளெய்ம்களைப் படித்து, நியாயமாகப் பட்டதைப் பாஸ் செய்வான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆபீசில் அவனைப் பார்த்து எல்லாரும் கொஞ்சம் பரிதாபப்பட்டார்கள். காரணம், அங்கே ஒரே ஒரு வேலை மட்டும் பார்த்த இளவட்டம் அவன்தான்.

மற்ற எல்லாருக்கும் இரண்டாவது தொழில் ஒன்று இருந்தது. இரண்டாவது தொழில் இல்லாதவனுக்கு வாடகை வீடுகூடக் கொடுக்க யோசித்த காலம் அது. ரிசப்ஷன் பையன் கட்சித் தலைவர்களுக்கு டிரோன் வைத்து வானத்திலிருந்து மாலை போட்டான். அக்கவுண்ட்ஸ் பெண் நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்தாள். பூவரசனுக்கு அடுத்த சீட்டில் இருந்த கலைமதி, கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி ஆட வேண்டிய தாய்மாமன்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தாள். முட்டி வலி உள்ள மாமன்களுக்கென்றே தனியாக ஒரு வகுப்பு வைத்திருந்தாள்.

இவர்கள் எல்லாம் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கலாம். தூங்குவதில்லை. அதற்காகத்தான் கைமாத்து வந்திருந்தது.

கைமாத்து என்பது கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. தூக்கம் வருகிறவர் தன் பட்டையை ஒரு தட்டுத் தட்டினால், எங்கோ இருக்கும் இன்னொருவர் கைப்பட்டை சூடாகி, அவர் தூங்கிப்போவார். அவர் தூங்கத் தூங்க முதலாமவருக்குத் தெளிச்சி வந்துவிடும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் பணம் வாங்குவது போல, அவசரத்துக்குப் பிறத்தியாரிடம் தூக்கம் வாங்கிக்கொள்வது. வாங்குபவர் பெயர் தூங்குபவருக்குத் தெரியாது. அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கலைமதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே அவன் மேஜைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த ஆள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நின்றுவிட்டானாம். ஒரே ஒரு தடவை தனக்காகத் தூங்க முடியுமா என்று கேட்டாள். தூங்கச் சொல்லி ஒரு பெண் தன்னைக் கெஞ்சுவாள் என்று பூவரசன் எதிர்பார்த்ததே இல்லை. அவள் நீட்டிய பட்டையைக் கட்டிக்கொண்டு பழைய ஃபைல்கள் இருந்த அறைக்குப் போனான். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டான். கலைமதி எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

சாதாரணமாக ஒருவர் இரவு முழுக்கத் தூங்கினால்தான் இன்னொருவருக்கு அந்தத் தெளிச்சி வரும். இது எப்படி என்று புரியாமல் இருவரும் காந்திபுரத்தில் பட்டை விற்கிற கடைக்குப் போனார்கள். அங்கே ஃபரீதா என்ற பெண் அவன் கையில் ஏதோ ஒட்டிப் பார்த்தாள். பிறகு கழுத்தைச் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"சில பேர் தூக்கம் தண்ணிப் பால் மாதிரிங்க. எவ்வளவு ஊத்துனாலும் காப்பிக்குப் பத்தாது," என்றாள். "உங்களுது எருமைப்பாலுங்க. ஒரு கரண்டி போதும்."

பூவரசனுக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் அவனிடம் கெட்டியாக ஏதோ இருக்கிறது என்று முதல் தடவையாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் அவனும் இரண்டாவது தொழில் தொடங்கினான். கலைமதியே கைமாத்து ஆப்பில் பதிவு செய்துகொடுத்து, பூவரசு துயில் சேவை என்று பெயரும் வைத்தாள். ஃபைல் அறையில் மத்தியானம் ஒரு தூக்கம், வேலை முடிந்து வீட்டில் ஒரு தூக்கம். ஆள்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். அவன் அம்மா அக்கம்பக்கத்தில், எங்க பையன் பிசினஸ் பண்றான், இப்பக்கூட அதுக்காகத்தான் படுத்திருக்கான், யாரும் கதவைத் தட்டாதீங்க என்று சொல்லிக்கொண்டாள்.

கனவுகள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் தூக்கத்தில் அவன் ஒரு யானைக்கு நடனம் சொல்லிக்கொடுத்தான். யானை டை கட்டியிருந்தது. இடது கால் எது என்று அதற்கு மறந்துபோய், வெட்கப்பட்டுத் தும்பிக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. இன்னொரு நாள் நாய்கள் வரிசையில் நின்று கேக்கில் சர்க்கரை குறைவு என்று புகார் கொடுத்தன. மறுபடியும் ஃபரீதாவிடம் போய்க் கேட்டபோது, அதெல்லாம் யாருக்காக அவன் தூங்குகிறானோ அவர்களின் கனவு என்றாள். தூக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. வடை எடுத்தால் எண்ணெயும் கூடவே வரும். பெரும்பாலானவர்களுக்கு எழுந்ததும் மறந்துவிடும், இவனுடைய தூக்கத்தின் கெட்டிக்கு எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது என்றாள்.

"அப்ப அவங்களுக்குக் கனவே வராதுங்களா?" என்று கேட்டான் பூவரசன்.

"உங்ககிட்ட வந்துட்டா அவங்களுக்கு எப்படிங்க வரும்?" என்றாள் ஃபரீதா. இதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரிந்தது ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஐஸ்கிரீம் கடை வாசலில். தொழில் நன்றாகப் போகிற சந்தோஷத்தில் கலைமதியை அங்கே அழைத்துப் போயிருந்தான். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் ஈயை விரட்டிவிட்டு மறுபடியும் கேட்டார். அப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு என்ன புடிக்கும்னு தெரியலீங்க," என்றாள் மெதுவாக. "யோசிச்சுப் பாக்கறேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

ஐஸ்கிரீம் மட்டும் இல்லை என்றாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். வேலை இரண்டும் தவறாமல் நடக்கிறது. உடம்பில் அலுப்பில்லை. ஆனால் இந்த மாமன்களை எதற்காக ஆடவைக்க ஆரம்பித்தோம் என்பது நினைவில் இல்லை. பாட்டைப் போட்டால் கை கால் தானாக ஆடுகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. மாமன்கள் எல்லாரும் டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுகிறார்களாம்.

 பூவரசன் டை கட்டிய யானையைப் பற்றிச் சொன்னான். இடது காலைத் தேடிக் குனிந்து பார்த்ததை, பிறகு தன் நான்கு காலையும் விரல்விட்டு எண்ணியதை, கடைசியில் தும்பிக்கையையும் சேர்த்து எண்ணிக் குழம்பிப்போனதைச் சொன்னான். கலைமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பிஸ்தா வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் கனவை அவளிடம் சொல்லிவிடுவான். நாய்க் கனவு யாருடையது என்று ஊகிக்க முடிந்தது. மற்றவர்களின் கனவுகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. யாருடையது என்று தெரியாதே. தெருவில் விறைப்பாகப் போகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, இவருடைய கனவு ஏதாவது தன்னிடம் இருக்குமோ என்று அவனுக்கு உறுத்தும்.

இன்னும் ஒருவர் மட்டும் தெரிந்துவிட்டார். அந்தக் கனவில் பூவரசன் சுண்டெலியாக இருந்தான். ஆபீஸ் வராந்தாவில் ஓடுகிறான், பின்னால் யாரோ துரத்துகிறார்கள், கீச்சுக் குரலில் கதை சொல்லிக்கொண்டே ஓடுகிறான். ஓடிப்போய் லிஃப்டுக்குள் நுழைந்தான். லிஃப்டுக் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்தது மேனேஜர் கோவர்த்தனனின் முகம். மீசையோடு, வாலோடு.

கோவர்த்தனன் ஐம்பதைத் தாண்டியவர். இரண்டாவது தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். ஆபீஸ் நேரத்தில் வேறு தொழில் பார்ப்பவரைப் பிடித்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக எல்லாருக்கும் சுற்றறிக்கை விட்டிருந்தார். சுண்டெலிச் சித்தப்பா என்று ஒரு கதை நிகழ்ச்சி அப்போது பிரபலம். அந்தக் கீச்சுக் குரல் கேட்காமல் ஊரில் பாதிக் குழந்தைகள் சோற்றைத் தொடாது. குரல் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது பூவரசனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே அவன் பிடிபட்டான். ஃபைல் அறையிலிருந்து கிளம்பிய குறட்டை ஏசி குழாய் வழியாகப் போய், மேனேஜர் அறையில் கச்சிதமாக இறங்கியிருக்கிறது. கோவர்த்தனன் வந்து கதவைத் திறந்து, கையில் பட்டையோடு படுத்திருந்தவனைப் பார்த்தார். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வசுந்தரா மேடம் விசாரணைக்கு வருவார் என்று தாள் கொடுத்தார்.

கலைமதியிடம் மட்டும் சுண்டெலியைப் பற்றிச் சொன்னான். அவள் துள்ளிக் குதித்தாள். விசாரணையில் போட்டு உடைத்துவிடுங்கள், அவரே இரண்டாவது தொழில் பார்க்கிறார், உங்களை எப்படி அனுப்புவார் என்றாள். பூவரசன் நெடுநேரம் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வேண்டாமுங்க," என்றான். "ஆளு எப்படியோ இருக்கட்டும். தூக்கத்தை என்னை நம்பித்தானே குடுத்தாரு. அதை எடுத்து அவரையே அடிக்கறது நல்லா இருக்காதுங்க."

வேலை போய்விடும் என்று அவள் சொன்னாள். போகும் என்று அவனுக்கும் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இருந்தும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தான்.

விசாரணை மாநாட்டு அறையில் நடந்தது. வசுந்தரா மேடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட, நிதானமாகப் பேசுகிற பெண்மணி. ஒரு பக்கம் கோவர்த்தனன். அவர் கண் சிவந்து கிடந்தது. முந்தைய இரவு முழுக்க எங்கோ குரல் பதிவு போலிருக்கிறது. யாருக்காகத் தூங்கினாய் என்று மேடம் கேட்டார். சொல்ல முடியாது என்றான் பூவரசன். சொன்னால் தண்டனையைக் குறைக்கலாம் என்றார். அப்போதும் அவன் தலையை ஆட்டிவிட்டான்.

கோவர்த்தனனுக்குக் கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சென்னை அதிகாரி முன்னால் தூங்கி விழக் கூடாதே என்று மேஜைக்கடியில் கையை விட்டுச் சட்டைக்குள் மறைத்திருந்த பட்டையை ஒரு தட்டுத் தட்டினார். ஆப் தனக்காக யாரைத் தூங்கவைக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பாவம்.

கழற்ற மறந்திருந்த பட்டை சூடாக, பூவரசன் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. தலை அப்படியே மேஜையில் சாய்ந்தது. எதிரே கோவர்த்தனன் பூத்த முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுப்பலாமா வேண்டாமா என்று மேடம் யோசித்துக்கொண்டிருந்தபோது, தூங்குகிறவன் வாயிலிருந்து கீச்சுக் குரல் ஒன்று வந்தது.

"வணக்கம் வாண்டுகளே, சித்தப்பா வந்துட்டேன். இன்னிக்கு என்ன கதை? அடடா, கோவர்த்தனா, மேடம் வர்றாங்க, வாலை உள்ள எடுத்து வை."

 வசுந்தரா மேடத்தின் பேத்தி அந்தக் குரல் இல்லாமல் இட்லியைக்கூட விழுங்க மாட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"கோவர்த்தனன், இவர் என்ன சொல்றார்?"

கோவர்த்தனன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதற்றத்தில் மன்னிச்சுக்குங்க மேடம் என்று வந்த குரல் அச்சு அசலாகச் சுண்டெலியுடையது.

பூவரசன் கண் விழித்தபோது அறையில் யாரும் இல்லை. தான் என்ன பேசினோம் என்று, கதவுக்கு வெளியே நின்றிருந்த கலைமதி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். கேட்டதும் உடைந்துபோனான். நேராக மேனேஜர் அறைக்குப் போய், வேண்டுமென்று சொல்லவில்லை என்றான். கோவர்த்தனன் தன் சொந்தக் குரலில், தெரியும்ப்பா, உட்காரு என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்தக் கனவில் வேறு என்ன வந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொஞ்ச நாளாகக் கதை எதுவும் தோன்றவில்லையாம், பழைய கதைகளையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

வசுந்தரா மேடம் கெட்டிக்காரர். விசாரித்துப் பார்த்ததில் ஆபீசில் இரண்டாவது தொழில் இல்லாத ஆளே இல்லை என்று தெரிந்தது. எல்லாரையும் அனுப்பினால் அனுப்பும் கடிதத்தை டைப் செய்யக்கூட ஆள் இருக்காது. அதனால் யாரையும் அனுப்பவில்லை. பூவரசனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார். பணியாளர் துயில் அலுவலர். ஆபீசிலேயே தனி அறை, இலவம்பஞ்சு மெத்தை, கதவில் பெயர்ப்பலகை. இனிமேல் பணியாளர் எல்லாருக்காகவும் அவன் தூங்கினால் போதும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் இன்னோர் அறிவிப்பு வந்தது. தூக்கத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டதால், தூங்காமல் மிச்சமான நேரமும் கம்பெனிக்கே சேரும் என்றது அது. இரவு வேலை தொடங்கியது. டிரோன் தூசி படிந்து கிடந்தது. நாய்கள் கேக் இல்லாமல் பிறந்தநாள் கொண்டாடின. கலைமதியின் மாமன்கள் தாங்களாகவே ஆடிப் பார்த்ததில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பூவரசன் கனவுகளைச் சொல்லலாம் என்று ஓடிவந்தால் கேட்க யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் களைப்பே இல்லாமல், எதன் மேலும் ஆசையில்லாமல் கிளெய்ம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூவரசனுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். காலையில் இவ்வளவு தூங்க வேண்டும், மாலையில் இவ்வளவு. திங்கள்கிழமைதோறும் ஆய்வுக் கூட்டம். இலக்கைத் தொடவில்லை என்றால் ஏன் என்று விளக்கம் கொடுக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மெத்தையில் படுத்தான். தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தான். வரவில்லை. பட்டை சூடாகிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் மூட மறுத்தது. அவனுக்கு இப்படி நடந்ததே இல்லை. எருமையைப் போய்த் தட்டிக் கறந்தால் காலால் உதைக்கிறது. பயந்துபோனான். அன்று சாயங்காலத்துக்குள் ஆபீசில் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். ரிசப்ஷன் பையன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தூங்கினான். அக்கவுண்ட்ஸ் பெண், கேமராவைத் தின்ற மாட்டுக்கு வயிற்று வலி என்று மாட்டின் பெயரிலேயே நஷ்டஈடு பாஸ் செய்துவிட்டு மேஜையில் கவிழ்ந்தாள். கோவர்த்தனன் லிஃப்டுக்குள் உட்கார்ந்த நிலையில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் பூவரசன் ஒருவன்தான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நின்றான்.

பிறகு பல நாள் தூங்காமல் கிடந்தான். ஆள் துரும்பாகிவிட்டான். கடைசியில் கலைமதி வந்து தன் பட்டையைத் தூங்குகிறவர் பட்டையாக மாற்றிக் கட்டிக்கொண்டு அவன் மெத்தையில் படுத்தாள். இன்றைக்கு உங்களுக்காக நான் தூங்குகிறேன் என்றாள். அவன் தட்டினான். அவள் தூங்கினாள். அவள் மேஜையில் கிடந்த கிளெய்ம்களை அவன் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு ஸ்கூட்டர் வாய்க்காலில் விழுந்த கதை. வெகுநாள் கழித்து ஒரு வேலையை ருசித்துச் செய்தான். உடம்பு மெல்ல மெல்ல லேசானது.

அவள் எழுந்ததும், என் கனவு எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டான். கலைமதி கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்க," என்றாள். "ஆளெல்லாம் காலி பண்ணிட்டுப் போன கல்யாண மண்டபம் மாதிரி இருந்துச்சு. விசாலமா. நல்லா பெருக்கி வெச்சிருந்தீங்க."

அதைக் கேட்டுப் பூவரசனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை பேர் வந்து கூத்தடித்துவிட்டுப் போன இடத்தில், அவன் பெயருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. யோசித்துப் பார்த்தால் ஆதியிலிருந்தே அவனுக்குக் கனவு வந்ததாக ஞாபகம் இல்லை. பெருக்கி மட்டும்தான் வைத்திருக்கிறான்.

மறுநாள் பட்டையைக் கழற்றி வசுந்தரா மேடத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, பழைய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கம்பெனி இரண்டு பேரை வைத்து அந்த வேலையைச் செய்து பார்த்தது. இருவரும் தண்ணிப் பால். இரவு வேலை நின்றது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவரவர் வீட்டில் அவரவர் தூக்கத்தைத் தூங்கத் தொடங்கினார்கள். சிலர் இரண்டாவது தொழிலைப் பாதியாகக் குறைத்தார்கள். சிலர் முதல் வேலையை விட்டார்கள். சுண்டெலிச் சித்தப்பாவில் வாரம் தவறாமல் புதுக் கதை வந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூவரசன் நாற்காலியில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்தான். விழித்ததும் பழைய வழக்கத்தில் எட்டிப் பார்த்து, இது உங்களுதுங்களா என்று கலைமதியிடம் கேட்டான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆடு குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. இவனிடம் மணி கேட்கிறது. இவன் சொல்கிறான். ஆடு, பஸ் போயிடுச்சுங்களா என்கிறது. அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

என்னுடையது இல்லை என்றாள் அவள். அவன் ரிசப்ஷன் பையனைக் கேட்டான், அக்கவுண்ட்ஸ் பெண்ணைக் கேட்டான், மேனேஜர் அறைக்கே போய்க் கேட்டான். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு கனவா என்று கோவர்த்தனன் உதட்டைப் பிதுக்கினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவனின் கையைக் கலைமதி பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க கையில பட்டையே இல்லீங்களே," என்றாள். "அந்த ஆடு எப்படிக் கேட்டுச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."